டவருக்குள்ள கார்டெல்லாம் ஆடுது, ஹாட் க்ளூ போடலாமா?

பழைய_பென்டியம் | வெள்ளி இரவு 10:40

வணக்கம் மக்களே. போன வாரம் திருச்சியில இருந்து மதுரைக்கு வீடு மாத்தினோம். பீரோ, கட்டில், கிரைண்டரோட என் பழைய கம்ப்யூட்டர் டவரும் குட்டியானையில வந்துச்சு. கிரைண்டருக்கு அம்மா ரெண்டு போர்வை சுத்துனாங்க. என் டவருக்கு ஒரு துண்டுகூடக் கிடைக்கல.

உள்ள இருக்கிறது: 440பிஎக்ஸ் மதர்போர்டு, பென்டியம் 2, டிஸ்ப்ளேக்கு ஒரு ஏஜிபி கார்டு, எஸ்எல்ஐயில (ரெண்டும் சேர்ந்து வேலை செய்ற மாதிரி) வூடூ 2ங்கிற 3டி கேம் கார்டு ரெண்டு, அப்புறம் என் செல்லம், சவுண்ட் பிளாஸ்டர் ஏடபிள்யூஇ 32 சவுண்டு கார்டு. அந்த ஓரடி நீளக் கார்டேதான்.

இப்ப நிலைமை இது. ஆன் பண்ணினா சில நேரம் ஒரு நீள பீப், ரெண்டு குட்டை பீப், திரை கருப்பு. கார்டை ஒரு அழுத்து அழுத்தினா வந்துடுது. சவுண்டு அதைவிடக் குழப்பம். பழைய டாஸ் கேம்ல சத்தம் சுத்தமா வருது, கொஞ்சம் பிந்தி வந்த கேம்ல வாயே திறக்க மாட்டேங்குது. சவுண்டு கார்டோட டெஸ்ட் புரோகிராம் டயக்னோஸை ஓட்டினேன். 8 பிட் டெஸ்ட் பாஸ், 16 பிட் டெஸ்ட் ஃபெயில்.

பக்கத் தகட்டைக் கழட்டிப் பார்த்தா ஏடபிள்யூஇ கார்டோட வால் பக்கம் விரல் பட்டாலே ஆடுது. முன்னாடி ஃபேன் மாட்டுற இடத்துல சீப்பு மாதிரி பல்லு வெச்ச ஒரு பிளாஸ்டிக் இருக்கும், நீளக் கார்டோட நுனி அதுக்குள்ள நிக்கும். அதைக் காணோம். வண்டியிலயே எங்கயோ விழுந்திருக்கணும்.

ஸ்லாட்டோட சேர்த்து ஹாட் க்ளூ ஊத்திடலாமா, இல்ல கேபிள் டை போட்டு இழுத்துக் கட்டலாமா?

கீபோர்டு_கிட்டு | வெள்ளி இரவு 11:05

ஊத்துங்க ப்ரோ. நான் ரெண்டு மெஷின்ல ஊத்தியிருக்கேன். சும்மா கல்லு மாதிரி நிக்குது.

ஸ்க்ரூடப்பா | சனி காலை 6:20

தம்பி, க்ளூ கன்னை எடுத்துப் பரண்ல போடுங்க. கார்டு ஏன் வெளியே வருதுன்னு தெரியாம ஒட்டினா, கோணலா நிக்கிற கார்டைக் கோணலாவே நிரந்தரமாக்கினதுதான் மிச்சம்.

விடை உங்க பதிவுலயே இருக்கு. உங்க சவுண்டு கார்டு உட்கார்ற ஐஎஸ்ஏ ஸ்லாட் ரெண்டு துண்டு. பின்பக்கம், பிராக்கெட்டை (கேஸோட ஸ்க்ரூ போடுற கார்டுத் தகட்டை) ஒட்டி இருக்கிற பெரிய துண்டுல 62 தொடுமுனை. அது 1981ல வந்த முதல் ஐபிஎம் பிசி காலத்துது. முன்பக்கம் தள்ளி இருக்கிற சின்னத் துண்டுல 36. அதை 1984ல ஐபிஎம் ஏடி வந்தப்ப சேர்த்தாங்க. டாஸ் தொடங்கும்போது ஓடுற உங்க ஆட்டோஎக்ஸெக் ஃபைல்ல பிளாஸ்டர் வரியைப் பாருங்க. ஐ5, டி1, ஹெச்5னு இருக்கும். ஐஆர்க்யூ 5 (கார்டு ப்ராசஸரைக் கூப்பிடுற கம்பி), டிஎம்ஏ 1 (கார்டுக்கும் மெமரிக்கும் நேரா டேட்டா போற வழி) ரெண்டும் பெரிய துண்டுல வருது. ஹெச்5ங்கிற டிஎம்ஏ 5 சின்னத் துண்டுல மட்டும்தான் வருது. 16 பிட் சத்தம் அந்த வழியாத்தான் போகணும். ஆக பின்பக்கம் ஒழுங்கா உட்கார்ந்திருக்கு, முன்பக்கம் தூக்கியிருக்கு. கார்டு பாதி செத்திருக்குன்னு நினைச்சுத் தூக்கிப் போட்டவங்களை நான் பார்த்திருக்கேன். அதுல ஒண்ணு இப்ப என் மெஷின்ல பாடிக்கிட்டிருக்கு.

அந்த பீப்பும் அதே குடும்பம்தான். அவார்டு பயாஸ்ல (ஆன் பண்ணினதும் முதல்ல ஓடுற புரோகிராம்) ஒரு நீளம், ரெண்டு குட்டைன்னா டிஸ்ப்ளே கார்டு கிடைக்கலைன்னு அர்த்தம். ஏஜிபி சாக்கெட்டைப் பாருங்க, வூடூ உட்கார்ந்திருக்கிற பிசிஐ சாக்கெட்டை விடப் பின்சுவரிலிருந்து தள்ளி உள்ள இருக்கும். அதனால பிராக்கெட்ல ஒரு கோளாறுன்னா ஏஜிபி கார்டோட வால்தான் முதல்ல எழும்பும். பின்னாடி வந்த போர்டுகள்ல சாக்கெட் நுனியில கொக்கி வெச்சதே இதுக்குத்தான். உங்க காலத்துப் போர்டுல அது இருக்காதுன்னு நினைக்கிறேன்.

முதல்ல பவர் கார்டையே உருவிடுங்க. உங்களது மாதிரி ஏடிஎக்ஸ் டவர்ல சுவிட்ச் ஆஃப்ல இருந்தாலும் போர்டுக்கு 5 வோல்ட் ஸ்டாண்ட்பை போயிட்டே இருக்கும். டவரைப் படுக்க வைங்க, போர்டு கீழே, கார்டெல்லாம் நட்டுக்க நிக்கிற மாதிரி. எல்லாக் கார்டோட ஸ்க்ரூவையும் கழட்டிட்டு, ரெண்டு கட்டைவிரலால நேரா அழுத்தி உட்கார வைங்க. ஸ்க்ரூ போடாதீங்க. இப்ப பிராக்கெட்டோட மடிப்பு கேஸ் விளிம்புல படியுதா, அந்தரத்துல நிக்குதான்னு டார்ச் அடிச்சுப் பாருங்க. அப்புறம் ஸ்க்ரூவைக் கால் சுத்து கால் சுத்தா இறுக்கிக்கிட்டே ஸ்லாட்டோட முன்முனையைப் பாருங்க.

பார்த்துட்டு எழுதுங்க.

கீபோர்டு_கிட்டு | சனி காலை 9:12

நான் ஊத்தினது ரெண்டு வருஷமா நிக்குதே சார்?

ஸ்க்ரூடப்பா | சனி காலை 9:30

நிக்கட்டும் கிட்டு. மே மாசம் மின்விசிறி இல்லாத ரூம்ல வெச்சுப் பாருங்க, இளகிப் பிடி தளரலாம். என்னைக்காவது எடுக்கணும்னா பிய்க்காதீங்க, ஐபிஏ (ஐசோப்ரோப்பைல் ஆல்கஹால்) ரெண்டு சொட்டு ஓரத்துல விட்டா தானா பிடியை விட்டுடும்.

பழைய_பென்டியம் | சனி மதியம் 1:15

சார், கண்ணாலயே பார்த்துட்டேன்!

ஸ்க்ரூ இல்லாம அழுத்தினா நாலு கார்டும் கடைசி வரைக்கும் இறங்குது. ஆனா பிராக்கெட் மடிப்பு கேஸ் விளிம்பைத் தொடவே இல்ல. எவ்வளவு இடைவெளின்னு பார்க்க பர்ஸ்ல இருந்து ஏடிஎம் கார்டை எடுத்துச் செருகினேன். ஒண்ணு லொடலொடன்னு போச்சு. ரெண்டு சேர்த்துச் செருகினா கச்சிதமா நின்னுச்சு. அந்த நிலையில ஏடபிள்யூஇ ஸ்க்ரூவை மெதுவா இறுக்கினேன். பின்பக்கம் விளிம்புல படிஞ்சுது, முன்பக்கத் தங்கப் பல்லு ஸ்லாட்டை விட்டு மெல்ல மேல வந்துச்சு. சீசா பலகை மாதிரி. ஏஜிபியும் அதே கதை. வூடூ ரெண்டும் கொஞ்சமா எழும்புது, ஆனா வேலை செய்யுது.

இறுக்க இறுக்க நல்லதுன்னு நானே இத்தனை நாள் கார்டை வெளியே தள்ளிக்கிட்டு இருந்திருக்கேன்.

பட்டறை_கோவை | சனி மாலை 4:50

ஏடிஎம் கார்டு ஒண்ணு 0.76 மில்லிங்க. ரெண்டு சேர்ந்தா ஒன்றரை மில்லி. இங்க லேத் பட்டறையில ஃபீலர் கேஜ் இல்லாத நேரத்துல நாங்களும் அப்படித்தானுங்க அளப்போம்.

நாலு கார்டுக்கும் ஒரே அளவு இடைவெளின்னா கார்டு மேல தப்பில்லைங்க. ஒண்ணு போர்டு உயரமா நிக்கோணும், இல்ல பின்தகடு வளைஞ்சிருக்கோணும். டவருக்குப் பின்னாடி கீபோர்டு, மவுஸ் துளையைப் பாருங்க. தகட்டு ஓட்டைக்கு நடுவுல நிக்குதா, ஒரு பக்கமா இடிச்சுட்டு நிக்குதா?

இன்னொண்ணு, ஸ்க்ரூ என்ன போட்டிருக்கீங்க? பிராக்கெட்டுக்குப் போடறது 6-32, மறை அகலமா இருக்கும். சிடி டிரைவுக்குப் போடற எம்3 மறை நெருக்கமா இருக்கும், பார்த்தா அண்ணன் தம்பி மாதிரி தெரியும். எம்3 எடுத்து 6-32 ஓட்டையில போட்டா வழுக்கிட்டு சுத்திட்டே இருக்கும். 6-32 எடுத்து எம்3 ஓட்டையில திணிச்சா மறையே போயிரும். மறை கழண்ட கேஸுன்னு ஊர்ல சும்மாவா சொல்றாங்க!

பழைய_பென்டியம் | சனி இரவு 8:05

அண்ணே, மாட்டிக்கிட்டேன்.

கீபோர்டு துளை ஒரு பக்கமா இடிச்சுக்கிட்டு நிக்குது. இதைப் பார்த்ததும்தான் ஞாபகம் வந்துச்சு. போன வருஷம் இந்தப் போர்டுல வீங்கின கெப்பாசிட்டரெல்லாம் மாத்தினேன். திரும்ப மாட்டும்போது போர்டைத் தாங்குற பித்தளைக் கால் நாலஞ்சைக் காணோம். வேற கேஸ்ல இருந்து ஒரு செட்டைக் கழட்டி மொத்தமா மாத்திட்டேன். இப்ப மிச்சமிருந்த பழைய கால் ஒண்ணையும் புதுசு ஒண்ணையும் வெர்னியர்ல அளந்தேன். பழசு 6.5 மில்லி, புதுசு 8 மில்லி. உங்க ஒன்றரை மில்லி அப்படியே வந்து நிக்குது.

குட்டியானை டிரைவரை நாலு நாளா மனசுக்குள்ள திட்டினதுக்கு இங்கயே மன்னிப்புக் கேட்டுக்கறேன்.

ஒரே ஒரு சந்தேகம். போன வருஷத்துல இருந்து இப்படித்தான்னா இத்தனை மாசம் எப்படி ஓடுச்சு?

ஸ்க்ரூடப்பா | சனி இரவு 8:40

அந்தச் சீப்புப் பிளாஸ்டிக் வாலை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டிருந்துச்சு. பின்னாடி ஸ்க்ரூ நெம்புது, முன்னாடி சீப்பு விட மாட்டேங்குது, நடுவுல கார்டு விறைச்சுக்கிட்டு நின்னிருக்கு. வண்டி குலுக்கினதுல சீப்பு போச்சு, கார்டு எழுந்துருச்சு. டிரைவர் முழுசா நிரபராதின்னும் சொல்ல முடியாது.

காலை மாத்துங்க. 6.5 மில்லி கால் சென்னை ரிச்சி தெருவில் ஸ்க்ரூ விற்கிற கடையில கைப்பிடி கைப்பிடியாக் கிடைக்கும், மதுரையிலயும் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடையில பழைய டப்பாவைக் கிளறினா கிடைக்காமப் போகாது. எல்லாக் காலும் ஒரே உயரமான்னு ஒரு கண்ணாடி மேல நிறுத்திப் பார்த்துட்டுப் போடுங்க. ஒரு கால் மட்டும் உயரமா இருந்தா போர்டு வளையும், அது இதைவிடப் பெரிய வில்லங்கம். கால் கிடைக்கிற வரைக்கும் பிராக்கெட் மடிப்புக்கு அடியில ஒன்றரை மில்லிக்கு வாஷர் கொடுத்து ஸ்க்ரூ போட்டாலும் ஓடும்.

பனிநாட்டான் | ஞாயிறு அதிகாலை 3:10

எல்லாருக்கும் வணக்கம். நான் ரொறன்ரோவில இருந்து எழுதுறன், இஞ்ச இப்ப சனிக்கிழமை பின்னேரம். காரணத்தைக் கண்டுபிடிச்சிட்டியள், சந்தோசம். ஆனா தம்பி, காலை மாத்தின பிறகும் அந்த நீளக் கார்டுக்கு முன்னுக்கு ஒரு பிடி வேணும். அதை விட்டிடாதேங்கோ.

ஐபிஎம் பிசியும் 1983இல வந்த எக்ஸ்டியும் மேசையில படுத்திருக்கிற பெட்டியள். கார்டு நட்டுக்கு நிக்கும், அதின்ர பாரமே அதை ஸ்லாட்டுக்குள்ள இருத்தி வைக்கும். அப்பிடி இருந்தும் முழுநீளக் கார்டுக்கெண்டு முன்னுக்கு ஒரு தவாளிப்பு வைச்சிருந்தவங்கள். பிறகு பெட்டியை நிமித்தி டவர் ஆக்கினவுடன கார்டெல்லாம் சுவரில அடிச்ச தட்டு மாதிரி கிடையாப் போச்சு. ஒரு பக்கம் ஸ்லாட், ஒரு மூலையில ஒரு ஸ்க்ரூ, மற்றப் பக்கம் ஆகாயம். நீளக் கார்டு தன்ர பாரத்தில தொங்கும். அதோட உங்கட ஏடபிள்யூஇயில 30 பின் சிம் எண்ட மெமரித் துண்டு ரெண்டு போட்டிருந்தா இன்னும் கொஞ்சம் தொங்கும். ஹார்ட் டிஸ்க் அதிர, ஃபேன் அதிர, தொடுமுனை ஒண்டோட ஒண்டு உரசிக்கொண்டே இருக்கும். உடன ஒண்டும் தெரியாது. நாலைஞ்சு மாசத்தில கரகரப்புத் தொடங்கும்.

நான் முந்தி ஒரு தொழிற்சாலையில இயந்திரங்களை ஓட்டுற கம்ப்யூட்டர்களைப் பாத்தனான். ரக்கில பூட்டுற அந்தப் பெட்டியளில கார்டுகளுக்கு மேலால குறுக்கா ஒரு இரும்புப் பட்டை போகும். அதில கார்டுக்கு ஒண்டு எண்டு ரப்பர் முனை வைச்ச சின்னச் சின்னக் கட்டையள், மேல கீழ நகர்த்தலாம். கட்டையை இறக்கி ரப்பர் கார்டின்ர விளிம்பில பட்டவுடன ஸ்க்ரூவைப் பூட்டவேணும். அமத்தக் கூடாது, சும்மா தொட்டுக்கொண்டு நிண்டாப் போதும். வருசக்கணக்கா அதிர்ந்த பெட்டியளில ஒரு கார்டும் எழும்பினதை நான் காணேல்லை.

கீபோர்டு_கிட்டு | ஞாயிறு காலை 10:00

அதுக்கு ஸ்பாஞ்ச் வெச்சா என்ன? ஐசி வாங்கினா கறுப்பு ஃபோம்ல குத்திக் கொடுப்பாங்கல்ல, அது நிறையக் கிடக்கு என்கிட்ட. ஆன்டி ஸ்டாட்டிக் வேற.

ஸ்க்ரூடப்பா | ஞாயிறு காலை 10:08

கிட்டு!! அந்தக் கறுப்பு ஃபோம் மின்சாரம் கடத்தும். ஐசி காலெல்லாம் ஒரே மின்னழுத்தத்துல இருக்கணும்னுதான் அதுல குத்தித் தர்றாங்க. ஓடிக்கிட்டிருக்கிற கார்டு மேல அதை வெச்சா எல்லா முனையையும் அது சேர்த்து வெச்சிடும். மல்டிமீட்டர் முனை ரெண்டை அதுல குத்திப் பாருங்க, ரீடிங் காட்டும். அதோட பழைய ஃபோம் நாளாக நாளாகக் கரைஞ்சு தார் மாதிரி ஆயிடும், படற இடத்துல செம்பையும் அரிக்கும்.

கீபோர்டு_கிட்டு | ஞாயிறு காலை 10:31

குத்திப் பார்த்தேன். காட்டுது. நல்லவேளை கேட்டேன்.

தெர்மாகோல்?

ஸ்க்ரூடப்பா | ஞாயிறு காலை 10:33

வேண்டாம்.

பட்டறை_கோவை | ஞாயிறு காலை 11:45

அந்தச் சீப்புக்கு பதிலா ஒரு வழி சொல்றேனுங்க. வீட்டு வயரிங் பண்றப்ப செவுத்துல அடிக்கிறாங்களே பிவிசி கேசிங் பட்டி, அதுல முக்கால் இஞ்ச் அளவு ஒரு சாண் வாங்குங்க. கார்டு கனம் 1.6 மில்லி. ஹேக்சா பிளேடு ஒண்ணு போட்டு அறுத்தா பள்ளம் சின்னதா வரும். ரெண்டு பிளேடைச் சேர்த்து மாட்டி அறுங்க, கார்டு இறுக்கமா நுழையற அளவுக்கு வரும். பிசிறை உப்புத்தாள்ல தேய்ச்சு எடுத்துட்டு, ஃபேன் ஸ்க்ரூ ஓட்டை ரெண்டுலயே பட்டியை மாட்டிக்கலாம். ஒட்டற வேலையே இல்லைங்க.

ஒரு விஷயம், கார்டை முழுசா உட்கார வெச்சு ஸ்க்ரூவும் போட்டுட்டு அப்புறம்தான் பள்ளம் எங்க வரோணும்னு குறியுங்க. முதல்லயே அறுத்துட்டு கார்டை அதுக்குத் தக்கன வளைக்காதீங்க.

த்ரீடி பிரின்ட் போடறவங்க இருந்தா பிஎல்ஏ பிளாஸ்டிக் வேண்டாம். 60 டிகிரியிலயே இளக ஆரம்பிச்சுரும். பிஇடிஜி தேவலை.

வரிக்குதிரை | ஞாயிறு மதியம் 2:20

எல்லாம் சரி, கார்டைக் கழட்டினப்பவே ரப்பர் வெச்சுத் தேய்ச்சுடுங்க. பென்சில் ரப்பர்தான் பெஸ்ட்.

ஸ்க்ரூடப்பா | ஞாயிறு மதியம் 2:45

இதுக்குன்னே தனியா ஒரு சண்டை போடலாம். ரப்பர்ல இருக்கிற நறநறப்பு தங்கப் பூச்சையே தேய்க்கும், அந்தப் பூச்சு மெல்லிசு. அழுக்குன்னா ஐபிஏ நனைச்ச பஞ்சுபோகாத துணி போதும். நானும் ஒரு காலத்துல ரப்பர்தான் தேய்ச்சேன், மறுக்கல.

வரிக்குதிரை | ஞாயிறு மதியம் 3:02

20 வருஷமா தேய்க்கிறேன், ஒரு கார்டும் சாகல. ஆனா சரி, கார்டு அவரோடது.

பழைய_பென்டியம் | புதன் இரவு 11:30

முடிஞ்சுது. கொஞ்சம் நீளமா எழுதறேன், பொறுத்துக்குங்க.

6.5 மில்லி கால் ஒன்பது வாங்கினேன். அம்மாவோட முகம் பார்க்கிற கண்ணாடியைப் படுக்கப் போட்டு அதுமேல நிறுத்தி ஸ்கேல் வெச்சுப் பார்த்தேன். ஒண்ணு மட்டும் கொஞ்சம் கூட இருந்துச்சு, ஒதுக்கிட்டேன். மிச்ச எட்டைப் போட்டேன். போர்டு இறங்கினதும் கீபோர்டு துளை ஓட்டைக்கு நடுவுல வந்து நின்னுச்சு. ஏஜிபி கார்டை அழுத்தினேன், பிராக்கெட் மடிப்பு போய் விளிம்புல படிஞ்சு நின்னுச்சு. ஸ்க்ரூ போடும்போது வாலைப் பார்த்துக்கிட்டே இருந்தேன். அசையல.

ஏடபிள்யூஇ மட்டும் அடம் பிடிச்சுது. பிராக்கெட்டோட கீழ்நாக்கு போர்டுக்கும் பின்தகட்டுக்கும் நடுவுல இறங்காம எதுலயோ தட்டுது. விரலை விட்டுத் தடவிப் பார்த்தா, ஸ்லாட் மூடியை எப்பவோ ஆட்டி ஆட்டி ஒடிச்சு எடுத்த இடத்துல தகடு முள்ளு மாதிரி நீட்டிக்கிட்டு இருக்கு. விரலையும் கிழிச்சுது. போர்டைத் திரும்பக் கழட்டி, கேஸை வாசலுக்கு எடுத்துட்டுப் போய் அரம் வெச்சு ராவினேன். இரும்புத்தூள் ஒண்ணுகூட உள்ள தங்கக் கூடாதுன்னு ஈரத்துணியால ரெண்டு தடவை துடைச்சேன். அப்புறம் கார்டு வெண்ணெயில கத்தி மாதிரி இறங்குச்சு.

கேசிங் பட்டி ஐடியா அருமை அண்ணே. முதல் துண்டுல ரெண்டு பிளேடையும் சரியா இறுக்காம அறுத்ததுல பள்ளம் அகலமாப் போச்சு, ரெண்டாவது துண்டு கச்சிதம். மீதி இருந்த கொஞ்சம் தொளதொளப்புக்குப் பழைய சைக்கிள் ட்யூப்ல இருந்து ஒரு விரற்கடை வெட்டிப் பள்ளத்துக்குள்ள மடிச்சு வெச்சிருக்கேன். இப்ப டவரை லேசாத் தட்டினாலும் கார்டு நுனி அசையல.

டயக்னோஸ்ல 8 பிட், 16 பிட் ரெண்டும் பாஸ். ராத்திரி ஒன்பது மணிக்கு டெஸ்ட் சத்தம் திடீர்னு ஸ்டீரியோவில வந்ததும் பக்கத்து ரூம்ல இருந்து அப்பா “என்னடா அது”ன்னாரு.

வூடூ ரெண்டுக்கும் எதுவும் செய்யல. செய்யணுமா?

பனிநாட்டான் | வியாழன் காலை 7:25

நல்ல வேலை தம்பி! வூடூ சின்னக் கார்டுதான், ஆனா பின்னுக்கு விஜிஏ வயர் ஏஜிபி கார்டில இருந்து வூடூவுக்கு வளைஞ்சு போகுது, அங்கயிருந்து மொனிற்றர் வயர் வேற தொங்குது. அந்தத் தடிச்ச வயரின்ர இழுவை முழுக்கக் கார்டிலதான் விழும். ரெண்டு வயரையும் சேர்த்துக் கேஸின்ர பின்தகட்டோட ஒரு கேபிள் டை போட்டு, கொஞ்சம் தளர்வா விட்டுக் கட்டுங்கோ. எஸ்எல்ஐ வயர் ரெண்டு கார்டையும் உள்ளுக்குப் பிணைச்சிருக்கிறபடியா ஒண்டு ஆடினா மற்றதும் ஆடும்.

இனிமேல் வீடு மாறேக்க நீளக் கார்டைக் கழட்டிக் கையில கொண்டு போங்கோ. ஏலாட்டி டவரைப் போர்டு கீழ வாற மாதிரிப் படுக்க வைச்சு ஏத்துங்கோ.

486_மாமா | வெள்ளி மதியம் 12:50

நல்ல இழை. இதுலயே என்னோடதையும் கேட்டுடறேன். 486 ப்ராசஸர், பேபி ஏடி (பழைய சின்ன அளவு) போர்டு, வீஎல்பி ஸ்லாட்ல போடற டிஸ்ப்ளே கார்டு. அதை உள்ள தள்ள ஒரு ஆள் பலம் வேணும். தள்ளும்போது போர்டோட முன்பக்கம் பப்படம் மாதிரி வளையுது. பயந்து பாதியில விட்டுடறேன், கார்டு ஆடிக்கிட்டு நிக்குது.

ஸ்க்ரூடப்பா | வெள்ளி மாலை 6:15

வீஎல்பி கார்டு ஐஎஸ்ஏ பல்லு முடிஞ்சதும் முன்பக்கம் இன்னொரு வரிசைப் பல்லு வெச்சது. உங்க போர்டுக்கு அந்த இடத்துல அடியில தாங்கலே இருக்காது. கேஸ்ல ஓட்டை இருக்கிற இடத்துல மட்டும் கால் போட்டிருப்பாங்க. வெள்ளை பிளாஸ்டிக் கால் வாங்குங்க. தகட்டுல மாட்டுற கீழ்க்குமிழை பிளேடால மட்டமா வெட்டிட்டு, மேல்முனையைப் போர்டோட காலி ஓட்டையில சொருகிடுங்க. தகட்டுல மாட்டாது, சும்மா ஊன்றி நிக்கும். அழுத்தும்போது தாங்க அது போதும். வெட்டினப்புறம் உயரம் மத்த கால்களோட ஒத்துப்போகணும், அதை மட்டும் பார்த்துக்குங்க.

மாமா, ஒண்ணு மறக்காதீங்க. உங்களது ஏடிஎக்ஸுக்கு முந்தின ஏடி கேஸ். முன்னாடி இருக்கிற பவர் சுவிட்சுக்கே 230 வோல்ட் நேரா வருது, அந்த நாலு தடிச்ச வயர். பிளக்கைச் சுவர்லேருந்து உருவாம உள்ள கையை விடாதீங்க. சுவிட்ச் முனைல உறை இல்லாம இருந்தா முதல் வேலையா அதை மூடுங்க.

486_மாமா | ஞாயிறு இரவு 9:40

மூணு கால் வெட்டி வெச்சேன். கார்டு சடக்குன்னு போய் உட்கார்ந்துச்சு, போர்டு வளையல. சுவிட்சுல ரெண்டு முனை மொட்டையாத்தான் இருந்துச்சு, நாலுக்கும் ஹீட் ஷ்ரிங்க் உறை போட்டுட்டேன். இதோட எத்தனை வருஷம் விளையாடியிருக்கேன்னு நினைச்சா வயித்தைக் கலக்குது.

இப்ப ஹார்ட் டிஸ்க் சுத்த மாட்டேங்குது. அதுக்குத் தனி இழை போடறேன்.